புள்ளி முன்னால்

தபீதாள் டீச்சர் கழுத்துத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். பழைய வாயில் ரகப் புடவையைக் கிழித்து, இரண்டாக மடித்து, மேலே நாடா நுழைய இடம் விட்டு, சின்னச் சின்னத் தையலாகப் போட்டுக்கொண்டே போனார். ஊசியை அவர் பார்க்கவில்லை. பார்வை முழுவதும் கூடத்து மேசையில் இருந்தது. அங்கே அவர் மகன் ஷெர்வின் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே அடைந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்குள்ள ஒரு பல்லிக் குடும்பமே இருந்திருக்கு" என்றான். "வாடகை வாங்கினீங்களாம்மா?"

டீச்சர் ஊசியை அவன் பக்கம் நீட்டி, காற்றில் ஒரு குத்துக் குத்தினார். பேசாமல் வேலையைப் பார் என்று பொருள்.

கழுத்துத் துணி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். டீச்சருக்குக் குரல்வளையில் புற்று வந்தது. குரல்வளையையே முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்தின் அடியில் இருக்கும் துளை வழியாக. தூசி போகாமல் அதன் மேல் துணி கட்ட வேண்டும். குளிக்கும்போது தண்ணீர் இறங்காமல் பார்க்க வேண்டும். சளி காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் சுத்தம் செய்ய வேண்டும். பழகிவிட்டால் பல் துலக்குவது மாதிரிதான். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வீடுகளுக்குப் போய் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து வருகிறேன். டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வந்தேன். அவர் சீக்கிரம் கற்றுக்கொண்டார். ஆனாலும் பகல் முழுக்க இங்கேயே இருக்கிறேன். என் வீடு அடுத்த தெருவில்தான்.

துளைக்குப் பழகியவர் குரல் போனதற்குப் பழகவில்லை. அதில் நியாயம் உண்டு. அவரும் அவர் கணவர் ஐசக் சாரும் இரும்புலியூரில் ஒரு கடைக்கு மேல் மாடியில் தட்டச்சுப் பள்ளி நடத்தினார்கள். சார் ஆங்கிலம், டீச்சர் தமிழ். அறை நிறைய மெஷின்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போகும். அத்தனைக்கும் மேலே டீச்சரின் குரல் கேட்கும். "சுண்டு விரல் என்ன லீவுல போயிருக்கா? கீழ பாக்காதே, தாளைப் பாரு." விசைகளைப் பார்த்து அடிக்கும் பிள்ளைகளின் கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாராம். அப்படிப் படித்தவர்கள் இன்றைக்கும் தாசில்தார் அலுவலகத்திலும் கோர்ட்டிலும் இருக்கிறார்கள். தெருவில் பார்த்தால் முதலில் தங்கள் விரல்களை ஒளித்துக்கொண்டு பிறகுதான் வணக்கம் சொல்கிறார்கள்.

மெஷின்களின் காலம் முடிந்ததும் ஐசக் சார் வாங்கியதுதான் இந்தக் கம்ப்யூட்டர். பள்ளியை மூடியபோது அது வீட்டுக்கு வந்தது. சார் இறந்த பிறகு டீச்சர் அதில் சபைக்கு அறிவிப்புகள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குரல் போன பிறகு அதுவே அவருக்கு வாயாயிற்று. பெரிய எழுத்தில் அடிப்பார், வந்தவர்கள் திரையில் படித்துக்கொள்வார்கள். பேனா இல்லையா என்று ஷெர்வின் ஒரு தடவை கேட்டான். அதற்கு டீச்சர் அடித்த பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பேனாவில் எழுதி முடிப்பதற்குள் சண்டை ஆறிப்போய்விடுகிறது." கைபேசியும் வாங்கிக் கொடுத்தான். பத்து விரல் வைத்திருப்பவரைக் கட்டை விரலால் அடிக்கச் சொன்னால் என்ன செய்வார்? அது இப்போது சமையல் அறையில் மணி பார்க்க இருக்கிறது.

திரையில் படிக்கத் தெரிந்தவர்களோடு இப்படிச் சமாளித்துவிட்டார். பொன்னியிடம் முடியவில்லை.

பொன்னி கோவளத்துப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள். ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்கி, எங்கள் தெருக்களைச் சுற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுவாள். அவளும் டீச்சரும் வாரந்தோறும் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்து டீச்சர் ஒன்று சொல்ல, பொன்னி ஒன்பது சொல்வாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய், பிறகு திரும்பி வருவாள். ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சர் முதல் தடவையாக வாசலுக்கு வந்து, ஒரு மீனைச் சுட்டிக்காட்டி, கை விரித்துத் தலையை ஆட்டினார். பொன்னி சண்டைக்கு வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருப்பதிலேயே நல்லதாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "அக்கா பாவம், நர்சம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு எல்லா வாரமும் அப்படித்தான். டீச்சர் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். பொன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு எந்தத் திரையைக் காட்டுவது?

நாவலூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஷெர்வின்தான் வழி சொன்னான். புதிய சிஸ்டம் போட்டால் அதில் தமிழை வாசிக்கும் குரல் உண்டு, அம்மா அடித்தால் அதுவே பேசிவிடும் என்றான். டீச்சர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. புதுக் கம்ப்யூட்டர் கூடாது, இந்த விசைப்பலகைதான் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். "சரிம்மா, பெட்டி அதேதான், உள்ள இருக்கிறதை மட்டும் மாத்தறேன்" என்று அவன் சம்மதித்து, சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டான். வந்ததும் டீச்சர் ஒரு காகிதத்தில் எழுதி அவன் முன்னால் வைத்தார். 'நாளைக்குப் பொன்னி வருவாள்.' அவ்வளவுதான். அதற்குள் முடிய வேண்டும் என்பது அவனுக்கும் எனக்கும் விளங்கிவிட்டது.

ஐசக் சாரின் படங்களையும் சபை அறிவிப்புகளையும் முதலில் வேறொன்றில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியது ஒன்றை மாட்டினான். உள்ளங்கையில் அடங்குகிற தகடு அது. நினைவகத்துக்கு இன்னொரு பட்டை சேர்த்தான். பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் சாப்பிட்டோம். வட்டம் சுற்றியது. டீச்சருக்குத் துளையைச் சுத்தம் செய்துவிட்டேன். அப்போதும் சுற்றியது.

"பழைய சிஸ்டத்துக்கு இனிமே யாரும் பாதுகாப்பு தர்றதில்லைம்மா. இத்தனை நாள் திறந்த வீட்டுல இருந்த மாதிரி இருந்தீங்க."

டீச்சர் வாயசைத்தார். உதட்டைப் படிக்க எனக்குப் பழக்கம். "என்னத்தைத் திருடுவான், ஞாயிறு ஆராதனை நேரத்தையா என்று கேக்கறாங்க" என்று சொன்னேன்.

மத்தியானம் தாண்டி எல்லாம் ஏறி முடிந்தது. ஷெர்வின் ஆங்கில எழுத்தில் ஏதோ தட்ட, திரையில் தமிழ் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினான்.

"வணக்கம் அம்மா" என்றது கம்ப்யூட்டர். கணீரென்ற ஆண் குரல். ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்கிறவர் மாதிரி, எதற்கும் வருத்தப்படாத குரல்.

டீச்சர் புருவத்தைத் தூக்கினார்.

"பொம்பளைக் குரல் இதுல இல்லம்மா. இப்போதைக்கு இந்த ஆளை வச்சு ஓட்டுங்க. அப்பாவும் உங்களுக்காகப் பேசினதில்லை, இவராவது பேசட்டும்."

டீச்சர் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது. கழுத்தில் கட்டியிருக்கும் துணி மட்டும் படபடக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஷெர்வின் தட்டச்சு முறைக்கு விசைகளை மாற்றிக் கொடுத்தான். டீச்சர் விரல்களைச் சொடக்கிவிட்டு, திரையைக்கூடப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி அடித்தார். அடிக்க நினைத்தது 'கடல் நண்டு'. திரையில் இருந்தது 'கட்ல ந்ணடு'.

அந்த ஆள் அதையும் வருத்தமில்லாமல் வாசித்தார். பல் பிடுங்கி வந்தவர் பேசுகிற மாதிரி இருந்தது.

டீச்சர் அழித்துவிட்டு மறுபடி அடித்தார். 'மகன்' என்று அடித்தால் 'மக்ன' என்று வந்தது. 'கண்' என்று அடித்தால் 'க்ண'. எழுத்தெல்லாம் சரி. புள்ளி மட்டும் ஓர் எழுத்து முன்னதாக விழுந்துகொண்டிருந்தது.

ஷெர்வின் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் சொன்னான். "அம்மா, புள்ளி எல்லாம் தப்புத் தப்பா வைக்கிறீங்க."

தமிழ்த் தட்டச்சு ஆசிரியையிடம் இதைச் சொல்வது, என்னிடம் உங்களுக்கு நாடி பார்க்கத் தெரியவில்லை என்று சொல்வது மாதிரி. டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் காப்பி போடுகிறேன் என்று சமையல் அறைக்குப் போய்விட்டேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

"சிஸ்டர், அம்மாவுக்கு இப்பல்லாம் ஏதாவது மறதி இருக்கா? கை கிடுகிடுன்னு ஆடுதா?"

இப்படிக் கேட்டால் ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. போய் டீச்சரிடம் இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். ஆடவில்லை. என் விரலைப் பிடிக்கச் சொன்னேன். நொறுங்கிப்போகும்படி பிடித்தார். சிரித்துக் காட்டச் சொன்னேன், முறைத்தார். முறைப்பு இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது. "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று ஷெர்வினிடம் சொல்லிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன்.

அதற்குள் டீச்சர் விஷயத்தைத் தானே விளக்கப் பார்த்தார். விளக்கம் முழுக்க அடித்தார். அதிலும் எல்லாப் புள்ளியும் இடம் மாறி, அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் புரியவில்லை. எது பழுதோ அதையே கொண்டு பழுதைச் சொல்ல வேண்டியிருந்தது. கோபம் வந்து பேனாவை எடுத்து, காகிதத்தில் அழுத்தி எழுதினார். 'புள்ளி முன்னால்.'

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்" என்றான் ஷெர்வின். "முன்னால விழுது."

டீச்சர் தலையை ஆட்டினார். 'முன்னால்' என்பதன் கீழ் கோடு போட்டார்.

"ஆமாம்மா. முன்னால. அதனால நீங்க கொஞ்சம் பின்னால அடிங்க."

இன்னொரு கோடு.

"முன்னால வருது, ஒத்துக்கறேன். தப்பு அதுதான்."

மூன்றாவது கோட்டில் காகிதம் கிழிந்தது. ஒருவருக்கொருவர் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேர் சண்டை போடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் எழுந்து தன் அறைக்குப் போய்க் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஷெர்வின் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். "நாளைக்குப் பொன்னி வரும்போது இப்படித்தான் உளறும், சிஸ்டர். கம்ப்யூட்டரும் பாவம்னு அவ ஒரு மீன் சேர்த்துப் போடுவா."

"காப்பி ஆறுது" என்று சொன்னேன். "உங்களுக்கு டைப்பிங் தெரியுமா?"

"அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர். வீடு முழுக்க அதே சத்தம். யாருக்குப் பிடிக்கும்? நான் அந்த மாடிப்படி ஏறினதே இல்லை."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க உள்ளே படுத்திருக்காங்க. அடிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. புள்ளி சரியா தப்பான்னு பேசாதீங்க."

அவன் உள்ளே போனான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காகிதத்தையும் பேனாவையும் நீட்டி, "டீச்சர், எனக்கு முதல் பாடம் நடத்துங்க" என்றான். அம்மா என்று சொல்லவில்லை. அது வேலை செய்தது. டீச்சர் எழுந்து உட்கார்ந்தார்.

காகிதத்தில் முதலில் ஒரு புள்ளி வைத்தார். வெறும் புள்ளி, வேறொன்றும் இல்லை. அதை விரலால் தட்டிக் காட்டினார். பிறகு அந்தப் புள்ளிக்குக் கீழே ன என்று எழுதினார். 'ன்' ஆயிற்று. பக்கத்தில் இன்னொரு புள்ளி. அதன் கீழே ண. இன்னொரு புள்ளி. அதன் கீழே ல.

"புள்ளியை வச்சிட்டா அப்புறம் எழுத்தைப் போடுவீங்க? யாரும்மா அப்படி எழுதுவாங்க?"

எழுதுவதைச் சொல்லவில்லை என்று டீச்சர் கையால் காட்டினார். இரண்டு கையையும் நீட்டி, காற்றில் விரல்களை ஓட்டினார். அடிப்பது.

"அடிக்கும்போதா!" என்றான் ஷெர்வின். எழுந்து கம்ப்யூட்டருக்கு ஓடினான். அங்கே விசைப்பலகைகளின் பட்டியலை இறக்கினான். நானும் எட்டிப் பார்த்தேன். 'புதிய தட்டச்சு' என்று ஒன்று இருந்தது, அதில்தான் அவன் குறி வைத்திருந்தான். அதற்கு அடுத்த வரியில் 'பழைய தட்டச்சு' என்று இன்னொன்று.

"புதுசுதானே நல்லா இருக்கும்னு போட்டேன்" என்றான்.

பழையதில் குறி வைத்தான். டீச்சர் வந்து உட்கார்ந்தார். காலண்டரைப் பார்த்தபடியே கடகடவென்று அடித்துப் பொத்தானை அமுக்கினார்.

"மகன் மடையன்" என்றது கம்ப்யூட்டர், சுத்தமாக.

ஷெர்வின்தான் முதலில் சிரித்தான். டீச்சரின் கழுத்துத் துணி படபடத்தது. அவர் நிறுத்தவில்லை, தொடர்ந்து அடித்தார். அந்த ஆள் வாசித்தார். "டைப்ரைட்டரில் புள்ளி அடித்தால் தாள் சுற்றியிருக்கும் வண்டி நகராது. அதே இடத்தில் நிற்கும். அடுத்த எழுத்து வந்து புள்ளியின் கீழே உட்காரும். அதனால் புள்ளி முன்னால். முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். நீ கிரிக்கெட் ஆடப் போயிருந்தாய்."

"சரி டீச்சர்" என்றான் ஷெர்வின்.

சாயங்காலம் நாங்கள் மூன்று பேருமாக மேசையைத் தெரு ஜன்னல் ஓரமாக நகர்த்தினோம். ஷெர்வின் ஊரப்பாக்கத்துக்குப் போய் நண்பனிடமிருந்து ஒரு ஸ்பீக்கரை வாங்கி வந்து, ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கம் பார்த்துக் கட்டினான். அன்றைக்கு அவன் நாவலூர் திரும்பவில்லை. வேடிக்கை பார்க்க வேண்டும் என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டேன். டீச்சர் கோயிலுக்குப் போகிற புடவையில் ஜன்னல் அருகே உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் "மீனேய்" என்று கேட்டது. மற்ற வீடுகளில் உரக்கப் பேசிக்கொண்டு வந்த பொன்னி, எங்கள் கேட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் குரலைத் தாழ்த்தினாள்.

"நர்சம்மா, கிண்ணம் கொண்டா. அக்காவுக்குன்னு சங்கரா எட்த்து வெச்சிகிறேன். அத்த எழுப்பாதே, பாவம்."

"பொன்னி. யார் பாவம்" என்றது ஜன்னல்.

பொன்னி சட்டென்று முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள். "உள்ள யாரு நர்சம்மா? சாரு யாரு வந்துகிறாரு?"

"டீச்சர்தான். அவங்க அடிக்கறாங்க, கம்ப்யூட்டர் பேசுது."

"இன்னா, ஆம்பள கொரல்ல கீது?"

"குரல் மட்டும்தான் ஆம்பளை. பேச்சு அவங்களுது" என்றேன்.

"அந்தச் சங்கராவின் கண்ணைக் காட்டு" என்றது குரல். "கிளி, அதைத் தூக்கிப் பிடி. கண் உள்ளே போயிருக்கிறது. நேற்றைய மீன்."

கிளி என்பது என் பெயர். மீனை வாலைப் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினேன். பொன்னி மீனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள் டீச்சரின் முகத்தையும், அதற்குக் கீழே ஓடும் விரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை முந்தானைக்குப் போயிற்று. இவள் இப்போது அழுதால் எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

"நேத்து மீனா?" என்றாள் பொன்னி. "இன்னா டீச்சரக்கா பேசுற நீ? விடியச்சொல்ல வலைய இஸ்துகினு வரச்சொல்ல நான் கரையில நின்னுகினு கீறேன். என் கண்ணால பாத்த மீன இது நேத்துன்றியே."

"எந்த வருஷம் பார்த்தாய்."

"தோ பாரு சாரு, நீ நடுவுல பூராத. நான் அக்காகிட்ட பேசிகினு கீறேன்."

உள்ளே ஷெர்வின் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சருக்கு மூக்கில் காற்றுப் போவதில்லை, வாசனை தெரியாது. அதனால் "கிளி, மோந்து பார்" என்று உத்தரவு வந்தது. மோந்து பார்த்தேன். மீன் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொன்னேன்.

"நர்சம்மாவே சொல்லிட்சு" என்றாள் பொன்னி. "அதுக்கு மேல இன்னா ஒணும்? டாக்டரு வந்து சொல்லணுமா?"

"கிளிக்கு ஜலதோஷம்" என்றது குரல்.

எனக்கு ஜலதோஷம் ஒன்றும் இல்லை. பொன்னி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். இந்தத் தெருவில் வேறு வீடே இல்லாத மாதிரிதான் டீச்சரக்கா பேசுகிறாள் என்று சொல்லிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போனாள். டீச்சர் விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி காத்திருந்தார். எதிர் வீட்டு மாடியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பொன்னி திரும்பி வந்து, கேட்டுக்கு உள்ளேயே கூடையை இறக்கி, அடியில் கிடந்ததையும் அள்ளி மேலே போட்டாள்.

"நீயே பாத்து எட்த்துக்கோ. அப்பால என்னாண்ட வந்து சொல்லாதே."

டீச்சர் எழுந்து வெளியே வந்தார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு செவுளாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டைப் பொன்னி மடியில் எறிந்தார். மூன்றைக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், உட்கார்ந்து, கொசுறாக ஒரு பிடி நெத்திலி கேட்டார்.

பொன்னி தரவில்லை.